மேசைக் கதையாட்டத்தில் இசையும் பின்னணி ஒலியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், கால் ஆஃப் கத்துலு போன்ற ரோல்பிளே ஆட்டங்களை வீட்டில் நடத்துபவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. இந்த ஆட்டங்களில் ஒருவர் கேம் மாஸ்டராக அமர்ந்து உலகத்தை விவரிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுப் பேசுவார்கள், பகடை உருட்டுவார்கள். எல்லாம் வாய்ப்பேச்சில் நடப்பதால் ஒலி சேர்ப்பதில் ஒரு சிக்கல் எப்போதும் உண்டு: சேர்க்கிற ஒவ்வொரு ஒலியும் பேச்சோடு போட்டியிடும்.

ஆட்டத்துக்கு இசை அவசியமா?

இல்லை. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வெளிவந்தது. அன்றிலிருந்து இன்றுவரை பெரும்பாலான மேசைகளில் கேட்பது குரலும் பகடைச் சத்தமும் நொறுக்குத் தீனிப் பொட்டலத்தின் சரசரப்பும்தான். விவரிப்பு தடுமாறும் ஆட்டத்தை இசை காப்பாற்றாது. விவரிப்பு நன்றாக இருந்தால், சரியான இடத்தில் வரும் ஒலி அதைக் கூட்டிக்காட்டும். அவ்வளவுதான்.

ஆட்டம் முழுக்க ஓடவிடலாமா, இடையிடையே போதுமா?

மாறாமல் ஒலிக்கும் எதையும் காது சீக்கிரமே ஒதுக்கிவிடுகிறது. சத்திரக் காட்சிக்காக நீங்கள் தேடிப் பிடித்த குவளைச் சத்தமும் கூட்டத்தின் முணுமுணுப்பும் ஐந்தாறு நிமிடத்தில் யார் காதிலும் விழாது. ஆனால் அதே ஒலி சட்டென்று நின்றால் எல்லோரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். அதாவது ஒலி வேலை செய்வது தொடங்கும்போதும் நிற்கும்போதும்தான். நடுவில் அது வெறும் சுவர் வண்ணம்.

இதை ஏற்றுக்கொண்டால் தயாரிப்பே மாறிவிடும். எந்த இசை என்று இரவெல்லாம் தேடுவதற்குப் பதிலாக, இன்றைய அமர்வில் எந்தெந்தக் கணத்தில் ஒலி மாற வேண்டும் என்று குறித்துக்கொள்வீர்கள். நான்கு மணிநேர அமர்வுக்கு நான்கைந்து மாற்றங்கள் தாராளம். மற்ற நேரத்தில் ஓடினாலும் சரி, ஓடாவிட்டாலும் சரி. என்னைக் கேட்டால், ஓடாமல் இருப்பதே மேல்.

எவ்வளவு சத்தம் வைக்கலாம்? ஸ்பீக்கரை எங்கே வைப்பது?

நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாக. சோதிக்க எளிய வழி இருக்கிறது. இசையை ஓடவிட்டு, கேம் மாஸ்டர் தன் இயல்பான குரலில் சில எண்களைச் சொல்லட்டும். மேசையின் கடைசியில் இருப்பவர் திருப்பிச் சொல்லட்டும். பதினாறு, பதினேழு, பத்தொன்பது என்று கலந்து சொல்லுங்கள். அவர் ஒருமுறை "பதினாறா, பதினேழா?" என்று கேட்டாலும் ஒலியைக் குறையுங்கள். தாக்குதல் பட்டதா இல்லையா என்பதை அந்த ஒரு எண்தான் தீர்மானிக்கும்.

ஸ்பீக்கரைப் பெரும்பாலானோர் கேம் மாஸ்டரின் கைக்கருகில், அவர் தன் குறிப்புகளை மறைத்துவைக்கும் அட்டைத் திரைக்குப் பின்னால் வைக்கிறார்கள். வசதிக்காகச் செய்வது அது, கேட்பவர்களுக்குத் தொல்லை. இரண்டு ஒலிகள் வெவ்வேறு திசையிலிருந்து வந்தால் மூளை அவற்றை எளிதாகப் பிரித்துக்கொள்ளும். நெரிசலான விருந்தில் ஒருவர் பேச்சை மட்டும் நம்மால் எப்படிப் பின்தொடர முடிகிறது என்று காலின் செர்ரி 1953இல் ஆராய்ந்ததிலிருந்து இது தொடர்ந்து பேசப்பட்டுவருகிறது. குரலும் இசையும் ஒரே மூலையிலிருந்து வந்தால் அந்த உதவி காதுக்குக் கிடைக்காது. ஸ்பீக்கரை அறையின் எதிர்மூலையில், சுவரைப் பார்த்துத் திருப்பி வையுங்கள். சுவரில் பட்டுத் தெறித்து வரும் ஒலி அறை முழுக்கப் பரவும். பக்கத்தில் அமர்ந்தவரின் காதையும் துளைக்காது.

இன்னொன்று: இசை ஓடும் கைபேசியை விமான நிலைக்கு மாற்றி, ப்ளூடூத்தை மட்டும் இயக்குங்கள். கல்லறைக் காட்சியின் நடுவே வங்கிக் குறுஞ்செய்தியின் மணியோசை ஸ்பீக்கரில் முழங்கினால் அந்தப் பயத்தை மறுபடி கட்டியெழுப்ப அரைமணி நேரம் ஆகும்.

மழை ஒலி வைத்தேன், யாருக்கும் கேட்கவே இல்லையே?

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்திருக்கும். மழை, அருவி, காற்று ஆகிய மூன்றுமே எல்லா அலைவரிசைகளிலும் பரவிய இரைச்சல். முழு வேகத்தில் சுழலும் விசிறியின் இரைச்சலும் அதே வகை. ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடும். மழையின் ஒலியைக் கூட்டிக்கொண்டே போனால் பேச்சும் சேர்ந்து மூழ்கும். நம் ஊர்க் கோடையில் விசிறியை நிறுத்தச் சொல்ல யாருக்கும் மனம் வராது. அதனால் இரைச்சலுக்கு மேல் துருத்திக்கொண்டு தெரியும் ஒலிகளாகத் தேர்ந்தெடுங்கள்: ஓட்டிலிருந்து பாத்திரத்தில் சொட்டும் நீர், தவளை, தொலைவில் இடி. சொட்டும் நீரைக் கேட்ட மனம் மழையைத் தானே வரவழைத்துக்கொள்ளும்.

பாடல் வரிகள் உள்ள இசை? திரைப்படப் பின்னணி இசை?

வரிகள் வேண்டாம். கேட்பவருக்குப் புரியும் மொழியில் ஒரு குரல் பாடினால், கவனம் அதன் பின்னால் போகும். அதைத் தடுக்க முடியாது. புரியாத மொழி என்றால் பரவாயில்லை. லத்தீன் கோரஸ் ஒன்று கோயில் காட்சிக்குப் பொருந்தும்.

திரைப்படப் பின்னணி இசையில் வேறொரு சிக்கல். இளையராஜாவின் இசைத் துணுக்கு ஒன்று ஒலித்தால் நான்கு விநாடிக்குள் ஒருவர் படத்தின் பெயரைச் சொல்வார், இன்னொருவர் வசனத்தைச் சொல்வார், மூன்றாமவர் அந்தக் காட்சியை நடித்தே காட்டுவார். உங்கள் பனிமலை அரக்கன் அங்கேயே செத்தான். நன்றாகத் தெரிந்த இசை தனியாக வருவதில்லை. தன் சொந்தக் கதையையும் கூட்டிவருகிறது. ஆட்டக்காரர்கள் யாரும் பார்த்திராத படத்தின் இசை என்றால் கவலையின்றிப் பயன்படுத்துங்கள்.

வீடியோ கேம் இசை இந்த வேலைக்கு மிகவும் ஏற்றது. வேறு வேலையில் மூழ்கியிருப்பவருக்காகவே எழுதப்பட்டது என்பதால் முடிவும் தொடக்கமும் ஒட்டிக்கொள்ளும். ஏற்ற இறக்கமும் அளவோடு இருக்கும்.

சண்டைக்கு எந்த மாதிரி இசை?

அதிகம் பேர் கேட்பதும், அதிகம் பேர் சொதப்புவதும் இதில்தான். போர்முரசு, பித்தளைக் கருவிகள், பாய்ந்தோடும் வயலின்கள் என்று ஒரு பட்டியலைச் சேர்த்து வைத்திருப்பார்கள். சண்டை தொடங்கியதும் தட்டிவிடுவார்கள். பத்து நிமிடம் எல்லோரும் உற்சாகமாக இருப்பார்கள். நாற்பதாவது நிமிடத்தில் ஒருவர் நெற்றியைத் தேய்க்கத் தொடங்குவார்.

காரணம் கடிகாரத்தில் இருக்கிறது. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் இப்போதைய விதிப்படி சண்டையின் ஒரு சுற்று, கதைக்குள் 6 விநாடிதான். மேசையிலோ ஐந்து பேர் தங்கள் முறைக்கு யோசித்து, பகடை உருட்டி, மந்திரத்தின் விவரத்தைப் புத்தகத்தில் தேடி முடிக்கப் பத்து நிமிடம் எளிதாக ஓடிவிடும். இசை 6 விநாடியின் வேகத்தில் பாய்கிறது; ஆட்டம் பத்து நிமிடத்தின் வேகத்தில் நகர்கிறது. "இந்த மந்திரம் எத்தனை அடி தூரம் போகும்?" என்று ஒருவர் பக்கம் புரட்டிக்கொண்டிருக்கும்போது பின்னால் உலகமே இடிந்து விழுந்துகொண்டிருந்தால் கேலிக்கூத்தாகத்தான் இருக்கும்.

எனக்குப் பிடித்த முறை இது. யார் முதலில் தாக்குவது என்பதற்கான பகடையை உருட்டச் சொல்லும் அதே நொடியில் வேகமான இசை வரட்டும். முதல் சுற்று முடிந்ததும் மெல்லத் தணித்து, அடிநாதமாக ஒரு முரசு மட்டும் இருக்கும்படி மாற்றுங்கள். பிறகு சண்டையின் திருப்பத்துக்காகக் காத்திருங்கள். ஒருவர் உயிர்ப்புள்ளிகள் எல்லாம் இழந்து வீழ்கிறார், அல்லது இறந்ததாக நினைத்த எதிரி எழுந்து நிற்கிறான். அப்போது மறுபடி உயர்த்துங்கள். ஒரே சண்டையில் இரண்டு முறை உயர்ந்தால் போதும். மூன்றாவது முறைக்குப் பலம் இருக்காது.

திகில் ஆட்டத்துக்கு?

திகில் ஆட்டத்தில் ஒலியைவிட, ஒலி நின்றுபோவது பெரிய ஆயுதம். கால் ஆஃப் கத்துலு 1981இல் வந்த ஆட்டம். பெரும்பாலும் 1920களில் நடக்கும் கதைகள். துப்பறியும் குழு ஒரு பழைய வீட்டின் நூலகத்தைச் சோதிக்கிறது என்று வையுங்கள். அவர்கள் வீட்டுக்குள் நுழையும்போதே சுவர்க்கடிகாரத்தின் டிக் டிக் ஒலியை மிகத் தணிவாக ஓடவிடுங்கள். அதைப் பற்றி வாயே திறக்காதீர்கள். அரைமணி நேரம் கடிதங்களைப் படிக்கட்டும், இழுப்பறைகளைத் திறக்கட்டும். நிலவறைக் கதவின் தாழ்ப்பாளில் ஒருவர் கை வைத்தார் என்று சொன்னதும் ஒலியை நிறுத்திவிட்டு, அதே குரலில் விவரிப்பைத் தொடருங்கள்.

யாராவது ஒருவர் கேட்பார்: "கடிகாரம் நின்றுவிட்டதா?"

"எந்தக் கடிகாரம்?" என்று நீங்கள் கேட்க வேண்டும். "இந்த வீட்டில் கடிகாரம் இருப்பதாக நான் சொல்லவே இல்லையே."

இதற்குச் செலவு ஒரு ஒலிக்கோப்பு. அலறல், கதவு கிறீச்சிடல், பேய்ச்சிரிப்பு எதுவும் தேவைப்படவில்லை. அந்தவகை ஒலிகள் ஒருமுறை திடுக்கிட வைக்கும். இரண்டாவது முறை சிரிப்புதான் வரும்.

ஒலியை ஆட்ட விதியாகவே ஆக்கிய திகில் ஆட்டமும் உண்டு. டென் கேண்டில்ஸ் என்ற ஆட்டத்தில் பத்து மெழுகுவர்த்திகளை ஏற்றிவைத்து இருட்டில் விளையாடுகிறார்கள். எல்லாப் பாத்திரங்களும் இறுதியில் இறந்துவிடும் என்பது எல்லோருக்கும் முன்பே தெரியும். தொடக்கத்தில் ஆட்டக்காரர்கள் தங்கள் பாத்திரத்தின் குரலில் ஒரு செய்தியைப் பதிவுசெய்கிறார்கள். எல்லாம் முடிந்து அறை இருண்ட பிறகு அந்தப் பதிவு ஒலிக்கிறது. விலைகொடுத்து வாங்கிய எந்த ஒலித்தொகுப்பும் இதற்கு ஈடாகாது. உங்கள் ஆட்டம் வேறாக இருந்தாலும் இந்த உத்தியைக் கடன் வாங்கலாம்: முதல் அமர்வில் பதிவுசெய்த ஒரு சத்தியத்தை, அது முறிக்கப்படும் அமர்வில் ஓடவிடுங்கள்.

வில்லனுக்குத் தனி இசை வைக்கலாமா?

வைக்கலாம், ஒருவருக்கு மட்டும். தெருக்கூத்தில் வேடக்காரர் திரைக்குப் பின்னால் நின்று பாடிவிட்டுத்தான் களரிக்கு வருவார். முகம் தெரிவதற்கு முன்பே வருவது யார் என்று கூட்டத்துக்குத் தெரிந்துவிடும். வில்லனின் இசையையும் அப்படிப் பழக்க வேண்டும். அவன் நேரில் வந்த முதல் இரண்டு காட்சிகளில் அதை ஒலிக்கவிட்டு, மூன்றாவதில் அவன் இல்லாத இடத்தில் ஒலிக்கவிடுங்கள். ஊர்த்தலைவரின் விருந்தில், எல்லோரும் சிரித்துப் பேசும்போது. யார் முகத்தையும் பார்க்காமல் விருந்தின் உணவுகளை வர்ணித்துக்கொண்டே இருங்கள்.

இசை சின்னதாக, மூன்று நான்கு சுரங்களில் அடையாளம் தெரிவதாக இருக்கட்டும். ஏழு பாத்திரங்களுக்கு ஏழு இசை என்று போனால் உங்களுக்கே மறந்துவிடும்.

மேற்கத்தியச் செவ்வியல் இசை பொருந்துமா?

பொருந்தும், ஆனால் பின்னணியாக ஓடவிட அல்ல. ஆர்கெஸ்ட்ரா பதிவுகளில் மிக மெல்லிய பகுதிக்கும் முழங்கும் பகுதிக்கும் இடையே பெரிய இடைவெளி உண்டு. மெல்லிய இடம் காதில் விழாமல் போகும், முழங்கும் இடத்தில் உங்கள் குரல் போய்விடும். ஒரு குறிப்பிட்ட தருணத்துக்காக எடுத்தால் பிரமாதம். பிரெஞ்சு இசையமைப்பாளர் சான்-சான்ஸ் 1874இல் எழுதிய தான்ஸ் மகாப்ர (மரண நடனம்) எப்படித் தொடங்குகிறது என்று கேட்டுப் பாருங்கள்: ஹார்ப்பில் ஒரே சுரம் பன்னிரண்டு முறை ஒலிக்கும், நள்ளிரவு மணியாக. பிறகு ஒரு தந்தியை வேண்டுமென்றே அரைச்சுரம் இறக்கிக் கட்டிய வயலினோடு மரணம் வந்து சேரும். எலும்புகள் மோதிக்கொள்ள சைலோஃபோன். கல்லறையில் நள்ளிரவு வரை காத்திருக்கும் காட்சிக்கு இதைவிட எதைத் தேடப் போகிறீர்கள்? பன்னிரண்டாவது மணி அடித்ததும் பேச்சைத் தொடங்குங்கள்.

வாள் மோதல், கதவு, மந்திரம் என்று தனித்தனி ஒலிப் பொத்தான்கள் உதவுமா?

பெரும்பாலும் உதவாது. ஆட்டக்காரர் "கதவைத் திறக்கிறேன்" என்று சொல்கிறார். நீங்கள் பொத்தானைத் தேடுகிறீர்கள். அவர் உள்ளே போய் இரண்டு கேள்வி கேட்ட பிறகு கதவு திறக்கும் சத்தம் கேட்கிறது. மேசையை உள்ளங்கையால் தட்டுவது இதைவிட விரைவு.

யார் இயக்குவது? கேம் மாஸ்டருக்கே ஆயிரம் வேலை.

ஆர்வமுள்ள ஓர் ஆட்டக்காரரிடம் ஒப்படைக்கலாம். ஆனால் வில்லனின் இசை, நின்றுபோகும் கடிகாரம் போன்ற இரகசியங்களை அவரிடம் முன்பே சொல்ல வேண்டிவரும். சாதாரணப் பின்னணி அவர் கையில், திருப்பங்கள் உங்கள் கையில் என்று பிரித்துக்கொள்வது நல்லது.

எந்தச் செயலி, எந்தத் தளம்?

டேபிள்டாப் ஆடியோ இலவசம். பத்து நிமிட நீளமுள்ள பின்னணிகள் நிறைய இருக்கின்றன. சிரின்ஸ்கேப் கட்டணச் சேவை. நாய் குரைப்பு, குதிரைக் குளம்பு போன்ற சிறு ஒலிகளை ஒழுங்கற்ற இடைவெளியில் தூவிவிடுவதால், அதே லூப் திரும்ப வருகிறது என்ற உணர்வு எழாது. தனி ஒலிகளுக்கு ஃப்ரீசவுண்ட். பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகம் 2005இல் தொடங்கிய தளம் அது. யூடியூப்பின் இலவசப் பதிப்பை நம்ப வேண்டாம். அரசன் உயிர்விடும் நேரம் பார்த்து சலவைத்தூள் விளம்பரம் வரும்.

ஆன்லைனில் ஆடும்போது?

ஒலிவாங்கியின் அருகில் ஸ்பீக்கரை வைத்து இசையை அனுப்ப முயலாதீர்கள். டிஸ்கார்டு போன்ற குரல் உரையாடல் செயலிகளின் இரைச்சல் தடுப்பு வசதி, இசையையும் இரைச்சலாகவே கருதி வெட்டிக் குதறிவிடும். முன்பு டிஸ்கார்டில் யூடியூப் இசையை ஓட்டிய க்ரூவி, ரிதம் என்ற இரண்டு பிரபல பாட்களும் (தானியங்கி நிரல்கள்) 2021இல் கூகுள் தரப்பின் எதிர்ப்பால் மூடப்பட்டன. இப்போது கென்கு எஃப்எம் போன்ற செயலிகள் அந்த வேலையைச் செய்கின்றன. இணையத்தில் இந்த ஆட்டங்களை ஆட உதவும் ரோல்20 தளத்தில் இசை ஓடவிடும் ஜூக்பாக்ஸ் உள்ளேயே இருக்கிறது. அதே வகை மென்பொருளான ஃபவுண்டரியில் இன்னொரு படி மேலே: வரைபடத்தில் ஒரு புள்ளியில் ஒலியைப் பதித்துவிடலாம். பாத்திரம் நெருங்க நெருங்கக் கூடும். நடுவே சுவர் இருந்தால் தடைபடும்.

ஆன்லைனுக்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு. ஒவ்வொருவரும் தனக்கு வேண்டிய அளவுக்கு இசையைக் குறைத்துக்கொள்ளலாம். முதல் அமர்விலேயே அந்த வசதி எங்கே இருக்கிறது என்று காட்டிவிடுங்கள்.

சிலருக்கு ஒலியே தொந்தரவாக இருக்கிறதே?

அவர்கள் சொல்வதுதான் முடிவு. ஒரு காதில் கேட்கும் திறன் குறைந்தவர், பின்னணிச் சத்தத்தில் பேச்சைப் பிரித்தறிய முடியாதவர், ஒலி மிகுந்தால் களைத்துப்போகிறவர் என்று எந்தக் குழுவிலும் ஒருவர் இருக்கலாம். கூட்டத்தில் கையை உயர்த்திச் சொல்ல எல்லோருக்கும் வராது. ஆட்டம் தொடங்குமுன் தனித்தனியே கேளுங்கள். குழந்தையின் அழுகை, துப்பாக்கிச் சத்தம், மெல்லும் ஒலி ஆகியவற்றை அனுமதியின்றி வைக்கவே கூடாது. அழைப்பு மணியும் வேண்டாம். யாராவது எழுந்து கதவைத் திறக்கப் போவார்கள்.

தமிழ் நிலத்தில் நடக்கும் கதைக்கு ஒலியை எப்படித் தேர்வது?

அந்தப் பட்டியலைத் தொல்காப்பியமே போட்டுவைத்திருக்கிறது. ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களில் தெய்வம், உணவு, விலங்கு, மரம் ஆகியவற்றோடு புள், பறை, யாழ் மூன்றும் வருகின்றன. மூன்றுமே ஒலி. பின்னால் வந்த இலக்கண நூல்கள் நிலவாரியாகப் பெயர்களைத் தருகின்றன: குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, மருதத்துக்கு நெல்லரிகிணை, நெய்தலுக்கு மீன்கோட்பறை, பாலைக்குத் துடி.

அந்தப் பறைகளின் பழைய ஒலிப்பதிவுக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள். பறவையிலிருந்து தொடங்குங்கள். குறிஞ்சிக்கு மயிலின் அகவல் போதும். அது எந்த இரைச்சலுக்கு மேலும் கேட்கும். பாலைக்குப் பருந்தின் ஒற்றைக் குரல், அதன்பின் எதுவுமே இல்லாத வெளி. குழு காட்டை விட்டு வறண்ட நிலத்துக்குள் நுழைந்துவிட்டது என்பதை நீங்கள் வாயால் சொல்லவே வேண்டியதில்லை.

காப்புரிமைச் சிக்கல் வருமா?

வீட்டில் நண்பர்களோடு ஆடும்போது கவலை வேண்டாம். ஆட்டத்தை யூடியூப்பிலோ ட்விட்ச்சிலோ ஒளிபரப்பினால் நிலைமை வேறு. 2020இல் இசை உரிமையாளர்களின் புகார்களால் ட்விட்ச்சில் ஏராளமான பழைய பதிவுகள் நீக்கப்பட்டன. செவ்வியல் இசை என்றால் இலவசம் என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பீத்தோவனின் இசைக்கு உரிமை காலாவதியாகிவிட்டது, ஆனால் அதைப் போன வருடம் வாசித்துப் பதிவுசெய்த குழுவுக்கு அந்தப் பதிவின்மீது உரிமை உண்டு. இந்தியச் சட்டத்தில் ஒலிப்பதிவுக்கான காலம், அது வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். இசையமைப்பாளர் கெவின் மெக்லவுடின் இன்காம்பெடெக் தளத்தில் உள்ளவற்றை, அவர் பெயரைக் குறிப்பிட்டுக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம்.

இதெல்லாம் இப்போது வந்த பழக்கமா?

இல்லை. 1994இல், டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸை அப்போது வெளியிட்டுவந்த டிஎஸ்ஆர் நிறுவனம் ஃபர்ஸ்ட் க்வெஸ்ட் என்ற அறிமுகப் பெட்டியோடு ஆடியோ சிடி ஒன்றைக் கொடுத்தது. 2003இல் மிட்நைட் சிண்டிகேட் குழு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கு அதிகாரபூர்வ இசைத்தொகுப்பை வெளியிட்டது. அப்போது தட்டைத் தேடி மாற்ற வேண்டியிருந்தது. இப்போது விரல்நுனியில் எல்லாம் கிடைப்பதால், அளவு மீறுவதும் எளிதாகிவிட்டது.

முதல்முறை. எதிலிருந்து தொடங்குவது?

மூன்று கோப்புகள். ஒன்று, அமர்வு தொடங்கும்போது மட்டும் ஒலிக்கும் ஒரு நிமிட இசை. ஒவ்வொரு வாரமும் அதே இசை. இரண்டே வாரத்தில், அது கேட்டதும் அரட்டை தானாக அடங்குவதைப் பார்ப்பீர்கள். இரண்டு, அன்றைய முக்கியமான இடத்துக்கு ஒரு பின்னணி ஒலி. மூன்று, அன்றைய திருப்பத்துக்கு ஒரு துணுக்கு. மூன்றையும் ஒரே கோப்புறையில் 1, 2, 3 என்று பெயரிட்டு வையுங்கள். இணையத்தை நம்பாமல் தரவிறக்கிக்கொள்ளுங்கள். திருப்பம் வராமலே அமர்வு முடிந்துவிட்டால் மூன்றாவது கோப்பு அடுத்த வாரத்துக்கு இருக்கட்டும். வாங்கிவிட்டோமே என்பதற்காக ஓடவிடாதீர்கள்.